"வாங்க" என்று அழைத்த கடைகள்

ஈப்போ, யாங் கல்சோம் சாலையில் ‘யோங் சுவான்’ என்றொரு சீனர் கோப்பிக் கடை இருக்கிறது. கோப்பியும் தேயும் கடைக்காரருடையது. அதற்குள்ளேயே 1950களிலிருந்து நாசி கண்டார் விற்று வருவது நம் சமுதாயத்தாரின் அடுப்பு. சிவப்புக் கோழி, உப்பு முட்டை, வெண்டைக்காய், தேங்காய்ச் சம்பால், எல்லாவற்றுக்கும் மேலே கலந்து ஊற்றிய குழம்பு. அந்தச் சோற்றுக்கு ஊரார் வைத்த பெயர் ‘நாசி வாங்கே’. வருகிறவர்களைப் பார்த்து ஓயாமல் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, மலாய்க்காரர்களும் சீனர்களும் அந்தச் சொல்லையே சாப்பாட்டின் பெயராக்கிவிட்டார்கள். ‘நாசி கஞ்சா’ என்று இன்னொரு பெயரும் உண்டு. பிள்ளைகளும் படிக்கும் மலர் இது. ஆகவே அதில் கஞ்சா ஏதும் இல்லை, மறுபடியும் வரவைக்கும் ருசிக்காக வைத்த கேலிப் பெயர்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஈப்போவின் அந்தப் பெயர்தான். சுங்காயில் அவ்வளவு பேர் பெற்ற கடை எதுவும் இருந்ததில்லை. ஆனால் அதே சொல் இங்கேயும் ஒலித்தது. நெடுஞ்சாலையில் லாரி நின்றால், கதவு திறப்பதற்குள் உள்ளிருந்து "வாங்க" வந்துவிடும். எங்கள் அத்தா கடையிலும் அப்படித்தான்.

இந்தத் தொழில் பினாங்குத் துறைமுகத்தில் தொடங்கியது. காவடித் தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் கறிச் சட்டி. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களிடம் போய்ச் சோறு விற்றார்கள் நம் முன்னோர். அந்தத் தண்டுக்கு மலாயில் ‘கண்டார்’ என்று பெயர். அதிலிருந்து ‘நாசி கண்டார்’. 1907இல் முகம்மது தம்பி ராவுத்தர் தொடங்கிய ஹமீதியா இன்றும் கேம்பல் சாலையில் நடக்கிறது. தோளில் சுமந்தவரைக்கும் விற்கிறவர் பசித்தவனைத் தேடிப் போனார். கடை போட்டு உட்கார்ந்த பிறகு பசித்தவன் இவரைத் தேடி வந்தான். வந்தவனை வாசலில் நிற்க விடாமல் உள்ளே அழைக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. ஊரில் வீட்டு வாசலில் சொல்வதையே கடை வாசலிலும் சொன்னார்கள். மலாய்க்காரர்கள் கடையைக் ‘கெடாய்’ என்கிறார்களே, அது நம் ‘கடை’தான். கடைக்காரரை ‘மாமாக்’ என்கிறார்களே, அது நம் ‘மாமா’தான். ஒரு வியாபாரியை உறவு சொல்லி அழைக்க அடுத்த இனத்தாருக்கு மனம் வந்ததே, அதை நம்மில் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லைச் சிலர் இளக்காரமாகப் பயன்படுத்துவதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சுங்காய்க்கு வருவோம். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே, தாப்பா, பீடோர் தாண்டியதும் நம் ஊர். பழைய நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போகும். ரயில் நிலையமும் உண்டு. சுற்றிலும் கித்தாத் தோட்டங்கள். இந்த மூன்றும்தான் நம் கடைகளுக்குச் சோறு போட்டன. இம்மூன்றிலிருந்தும் வந்தவர்கள் மூன்று விதமான வாடிக்கையாளர்கள். மூவரையும் ஒரே மாதிரி கவனிக்க முடியாது.

தோட்டத்து ஆள் விடியுமுன் பெரட்டுக்குப் போயாக வேண்டும். டவுனை ஒட்டிய லயங்களிலிருந்து வருகிறவர்களுக்கு நான்கு மணிக்கெல்லாம் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். அவர்கள் உட்கார மாட்டார்கள். மங்கை நீட்டுவார்கள், தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுக்க வேண்டும். பேச்சே கிடையாது. யாருக்குச் சீனி குறைவு, யாருக்கு டின் பால் கூட என்பது தண்ணீர் கலக்குகிறவரின் தலைக்குள் இருந்தது. ரயில் பயணிக்கு அவசரம், அவனுக்குப் பொட்டலம். லாரிக்காரருக்கோ வழியில் கிடைத்த வீடு மாதிரி. முகம் கழுவத் தண்ணீர், ஐந்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில், அரை மணி நேரத் தூக்கம், "எழுப்பி விடு தம்பி" என்றால் எழுப்பி விட ஒரு பையன். இதற்கெல்லாம் காசு வாங்கியதில்லை. சாப்பாட்டுக்கு மட்டும்தான் காசு.

மெனு அட்டை என்று ஒன்று கிடையாது. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மேசையைத் துடைப்பார்கள். பிறகு இருப்பதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எது நேற்றையது என்று தெரிந்த வாடிக்கையாளர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள், "மீனு வேணாம், கோழி எடுத்துக்குங்க" என்று. சாப்பிட்டு முடித்தவர் கல்லாவில் வந்து தான் சாப்பிட்டதைத் தானே சொல்வார். அத்தா மனக்கணக்காகத் தொகை சொல்வார். யாரும் தட்டை எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு ரொட்டி தின்றுவிட்டு ஒன்று என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அத்தாவுக்கு அது தெரியும். அடுத்த முறையும் அந்த ஆளுக்கு "வாங்க" உண்டு.

தோட்டங்களில் சாதி வேற்றுமை இருந்த காலம் அது. சில தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாடு கூட்டி இந்த வேற்றுமைகளைப் பற்றிப் பேச வேண்டிய நிலைமை இருந்தது. பாய் கடையில் எல்லாருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தம்ளர். இதை நாம் பெரிய புரட்சி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு விதத் தம்ளர் வைத்துக் கழுவிக்கொண்டிருக்க நம் கடைக்காரருக்கு ஏது நேரம்! ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் காரணம் முக்கியமில்லை. உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலை லாரிகளை மட்டும் கொண்டு வரவில்லை. 1942 ஜனவரி தொடக்கத்தில் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை இந்தச் சாலை வழியாகத்தான் தெற்கே போனது. பின்னாலேயே ஜப்பானியர் வந்தார்கள். ஜனவரி 7 அதிகாலையில் அவர்களுடைய டாங்கிகள் நமக்குத் தெற்கே துரோலாக்கில் அரண்களை உடைத்துக்கொண்டு சிலிம் ரிவர் வரை போய்விட்டன. அதன் பிறகு மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்குதான். அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசவே மாட்டார்கள். கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

உபசாரத்துக்கு வந்த உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று 1951இலிருந்து உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. அரிசி ரேஷன். டின் உணவை விற்றால் கடைக்காரர் அதை அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். சேர்த்து வைக்க முடியாமல் உடனே கெட்டுவிடட்டும் என்பதற்காக. மரம் வெட்டப் போகிற தொழிலாளி சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. வாசலில் சோதனை. பெண்களையும் தடவிப் பார்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். விருந்தாளி வந்ததும் கேட்காமலே எழுந்து போய்க் கன்றுக்கறி சமைத்து வந்து முன்னால் வைத்த இப்ராஹீம் நபியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் கடைக்காரர்கள். வந்தவன் யார், எங்கிருந்து வருகிறான் என்று விசாரித்துச் சோறு போடுவது அவர்களுக்குக் கேவலம். இப்போது விசாரிக்காமல் போட்டால் ஆபத்து. முன்பின் தெரியாதவன் நான்கு பொட்டலம் கேட்டால், அவன் லாரிக் கிளீனரா, காட்டுக்குச் சோறு கொண்டு போகிறவனா? கொடுத்தால் போலீஸ் வரலாம். கொடுக்காவிட்டால் இரவில் வேறு யாரோ வரலாம். அத்தா அப்போது இன்னொருவர் கடையில் பையனாக இருந்தார். "இங்கேயே உக்காந்து சாப்பிடுங்க, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க, கட்டிக் கொடுக்க மட்டும் மாட்டோம்" என்பதுதான் முதலாளி கண்டுபிடித்த வழியாம். அதைச் சொல்லும்போது அத்தா சிரிக்க மாட்டார். பசியோடு வந்த ஒரு கிழவி வீட்டிலிருக்கும் பேரனுக்கென்று கேட்டதையும், முதலாளி தலையாட்டி மறுத்ததையும் பார்த்தவர் அவர். அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. அதன் பிறகும் பல வருடம், பொட்டலம் கட்டும்போது அத்தா கேட்காமலே ஒரு கைப்பிடி சோறு கூட வைப்பார்.

அத்தா சொந்தக் கடை போட்டது 1950களின் இறுதியில். அந்தக் கடையின் மூலதனம் அண்டாவும் அடுப்பும் மட்டுமில்லை, ‘555’ புத்தகங்களும்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னக் குறிப்புப் புத்தகத்தை இந்த நாட்டில் கடன் வாங்கிச் சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாது, சம்பளம் பாதியாகும். பசி மழை பார்த்து வருவதில்லை. ஆகவே ஆளுக்கொரு பக்கம். பெயர் எழுத மாட்டார்கள், பலருக்குப் பட்டப் பெயர்தான்: ‘நெட்டை’, ‘ரெண்டாம் நம்பர் லயம்’, ‘சீனி போடாத தே’. சம்பளத்தன்று சாயங்காலம் கடை நிரம்பும். கணக்கைத் தீர்ப்பவருக்கு ஒரு தேத்தண்ணீர் கடைக் கணக்கில். கடன் விவரத்தைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான விதி. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கல்லாவில் உட்கார வைத்த பெருமையில் ஒருவரிடம் "ஒங்க பாக்கி பதினேழு வெள்ளி" என்று நாலு பேர் முன்னால் கூவிவிட்டேன். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கல்லாவிலிருந்து இறக்கித் தட்டுக் கழுவ அனுப்பினார். ஆறு மாதம் கழுவினேன்.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து, ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பிப் போனார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். தாளில்லாததால் வெளிநாட்டுக்காரர் ஆனவர்கள். நம் கடைகளில் வேலை செய்த ஊர்ப் பையன்களுக்கும் அதே கதி. அந்த மாதங்களில் கடைக்கு வந்தவர்கள் சாப்பிட வரவில்லை, சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். சிலர் தோட்டில் கிடந்ததைக் கழற்றி விற்றுக் கடனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுக்க முடியாதவர்கள் சொல்லாமலே போனார்கள். அவர்களில் ஒருவர் நான் கூவி அவமானப்படுத்திய அந்தப் பதினேழு வெள்ளிக்காரர். அத்தா அந்தப் பக்கங்களை அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. புத்தகத்தை அப்படியே கட்டி வைத்துவிட்டார்.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து ஆட்கள் பட்டணம் போனார்கள். கடைகள் சாலையை நம்பின. சாலையும் போனது. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோது, ஈப்போ–கோலாலம்பூர் வண்டிகள் சுங்காயைத் தொடாமலே பறந்தன. இரவு பஸ் நிற்கவில்லை. லாரிக்காரர் ஓய்விடங்களில் நிறுத்தினார். ஐந்தடிக் கட்டிலில் பூனை தூங்கியது. நம் கடைகளில் சில மூடின, சிலர் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்க் கடை போட்டார்கள். இப்போது சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கு வார இறுதியில் வருகிற குடும்பங்கள்தான் வெளியூர் முகம். அவர்கள் கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைகிறார்கள்.

பட்டணத்தில் இதே கடை வேறு உருவம் எடுத்தது. இருபத்து நான்கு மணி நேரம், பெரிய திரையில் பந்து விளையாட்டு, மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம். "எழுந்திரு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாடிக்கையாளர் பணியாளரை "பாஸ்" என்கிறார். பணியாளரும் அவரை "பாஸ்" என்கிறார். மேல்நாட்டு உணவகத்தில் புன்னகைக்கு டிப்ஸ் கணக்கு உண்டு. நம் கடையில் மீதிச் சில்லறையை விட்டுப் போனால் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல இனத்தார் ஒரே மேசையில் உட்கார்வதும் அந்த மரபின் பகுதிதான். நம் முன்னோர் துடைத்து வைத்த மேசைகளும் அதில் சேர்த்தி.

பெருமையை எழுதிய கையால் இதையும் எழுத வேண்டும். நம் உபசாரம் பெரும்பாலும் சமையலறைக் கதவோடு நின்றுவிட்டது. வாடிக்கையாளரை "வாங்க" என்றவர்கள் கடைப் பையனை "வாடா" என்றார்கள். விடியற்காலை நான்கு முதல் இரவு பத்து வரை வேலை. படுக்கை மாடியில் அரிசி மூட்டைகளுக்கு இடையில். சம்பளத்தை முதலாளியே ‘பத்திரமாக’ வைத்திருப்பார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன் என்பதால் யாரிடம் போய்ச் சொல்வான்? எங்கள் கடையிலும் அப்படித்தான் இருந்தது. கடன்காரனின் மானத்தைக் காத்த அத்தாவுக்கு, பையனின் கால் வலி கண்ணில் படவில்லை. அந்தப் பையன்களின் பிள்ளைகள் இன்று வக்கீலாக, தாதியராக, ஆசிரியராக இருக்கிறார்கள். யாரும் ரொட்டிக் கல் பக்கம் வரவில்லை. வரவில்லையே என்று நாம் குறைப்படுவது நியாயமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அந்த இடத்துக்கு வங்காளதேசத்துத் தம்பிகளும் தமிழ்நாட்டுத் தம்பிகளும் வந்திருக்கிறார்கள். 2018இல் அன்றைய மனிதவள அமைச்சரும் ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினருமான எம். குலசேகரன், மறு ஆண்டிலிருந்து உணவகங்களில் உள்நாட்டுச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிவித்தபோது நம் கடைக்காரர்கள் கொதித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அந்த அறிவிப்பு தளர்ந்துபோனது. ஆள் கிடைக்காது என்று நாம் சொன்னது உண்மை. ஏன் கிடைக்காது என்பதை நாம் விரிவாகச் சொல்லவில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அவசரகாலத்தை அப்படியே தலைகீழாகப் பார்த்தேன். அன்று உட்கார்ந்து சாப்பிடலாம், கட்டிக்கொண்டு போகக்கூடாது. இப்போது கட்டிக்கொண்டு போகலாம், உட்காரக்கூடாது. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் மிச்சமிருந்த ஒரு கடையில், கயிறு கட்டி மறித்த வாசலில் நின்று வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் "வாங்கண்ணே" என்றார். உள்ளே வர வழியில்லை, கையை மட்டும் நீட்டலாம். அவருக்குத் தமிழில் தெரிந்தது பத்துச் சொல் இருக்கும். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தாலும், அத்தா சொன்ன அதே இழுப்போடு வந்தது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். முதலாளி சொல்வதைக் கேட்டுத்தான் என்றார். இரண்டு பொட்டலம் வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் சோறு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது ஒன்று தெரிந்தது. கடை வாசலில் நின்று எடுத்த படம் பல வீடுகளில் இருக்கிறது. கடைக்குள், வேலை செய்கிறவர்களோடு எடுத்த படம் அநேகமாக எந்த வீட்டிலும் இல்லை. பழைய பெயர்ப் பலகை, ரசீதுக் கட்டு, பணியாளர் பெயர் எழுதிய சம்பளக் குறிப்பு, ஊருக்கு அனுப்பிய கடிதம் என்று எது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். அத்தாவின் 555 புத்தகங்களில் இரண்டை நான் கொடுத்திருக்கிறேன். பதினேழு வெள்ளிப் பக்கம் இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லை, ‘மூனாவது மேசை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவர் யாரென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.